சொந்த ஊர் கேட்ட காகம்

நெல்லைச் சீமையில் ஒரு குளம். அங்கே வெள்ளையப்பன் என்றொரு காகம் இருந்தது. நிறம் கறுப்புதான், பெயர் வைத்தவர்களுக்கு வாய்க்கொழுப்பு.

வலசை போகும் பறவைகளைப் பற்றிப் படித்து முதுகலைப் பட்டம் வாங்க வேண்டும் என்பது அதன் ஆசை. குளத்துக் காகங்களில் அதுவரை ஒரு பட்டதாரி கிடையாது. கப்பலேறி, ரயில் கூரை மாறி, பனிமலைகளுக்கு அப்பால் ஓர் ஏரிக்கரையில் இருந்த பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்தது. பறவைக் கணக்கில் முதுகலைக்கு ஒரே ஒரு கோடைதான்.

பேராசிரியை ஒரு வரித்தலை வாத்து. உடன் படித்தவை நாற்பது நாட்டுப் பறவைகள். காகம் அவற்றிடம் ஒரு படிவத்தை நீட்டியது. முதல் கேள்வி, நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி: சொந்த ஊர் எது?

தகைவிலான் குருவி திருதிருவென்று விழித்தது. "பொரிச்ச ஊரா, பசியாறுற ஊரா?"

"ஒரு கட்டந்தான் இருக்கு. ஒண்ணச் சொல்லு."

ஆலாப் பறவை வருஷாவருஷம் வடமுனைக்கும் தென்முனைக்கும் போய் வருவது. "கட்டத்தைக் கொஞ்சம் நீட்டி வரையும்வே. பூமியை ஒரு சுத்து சுத்துற அளவுக்கு," என்றது.

காகத்துக்கு எரிச்சல். நாற்பது படிவத்திலும் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியது. 'வலசை போகிறவர்களுக்குச் சொந்த ஊரே கிடையாது' என்று ஆய்வேட்டை முடித்தது.

அதற்குள் பனி கொட்டியது. ஏரி உறைந்தது. பேராசிரியையும் மற்ற வாத்துகளும் தெற்கே வலசை கிளம்பின.

"மலைக்கு அந்தப் பக்கம் போய்ப் படிச்சுப் பாக்குறேன். சரியா இருந்தாத்தான் பட்டம். ஆய்வேட்டை அலகுல கவ்விக்கிட்டு என் பின்னாலயே வா," என்றது வாத்து.

வாத்துகள் காகத்தை நடுவில் வைத்துக்கொண்டு மலைக்கு மேலே ஏறின. மேகம் காலுக்குக் கீழே போயிற்று. அந்த உயரத்திலிருந்து காகத்தின் நிழல் தரைக்குப் போய்ச் சேரவே கால் மணி நேரம் பிடித்தது.

உச்சியில் வாத்து திரும்பிச் சொன்னது: "இதான் எங்க வீட்டு நிலைப்படி. பின்னால குஞ்சு பொரிக்கிற அறை. முன்னால சோறு திங்கிற அறை. பனிக்காலத்துக்கு நாங்க வர்ற உன் குளந்தான் அது."

காகம் பார்த்தது. பின்னால் வெள்ளை, முன்னால் பச்சை, நடுவே வெயிலில் தகதகக்கும் சிகரங்கள். எந்த நாடு எங்கே முடிகிறதென்று ஒரு கோடுகூடத் தெரியவில்லை.

"அம்மாடி!"

அலகு பிளந்தது. ஆய்வேடு பனிப்பள்ளத்துக்குள் போய் மறைந்தது.

"போச்சும்மா. என் படிப்பே போச்சு."

"இத்தனை மாசமா எங்க வாயைக் கிளறினே. இன்னைக்குத்தான் உன் வாய் பிளந்துச்சு. தேறிட்டே, வா," என்றது வாத்து.

வியக்கத் தெரியாதவர் எத்தனை கடல் தாண்டிப் படித்தாலும் படித்த பொருளை அறியமாட்டார்.