ஒன்றேகால் மீட்டர் களிமண்

"இதுக்கு மேல என்னால பொறுக்க முடியாது மேடம்" என்றார் இருதயராஜ்.

கையிலிருந்த மண்மாதிரிப் பெட்டியை மேசைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் தேநீர் தளும்பியது.

மரகதவல்லி அந்தச் சுரங்கத்தின் தலைமைப் புவியியலாளர். இருதயராஜைவிடப் பத்து வயது இளையவர். துளைபோடும் எந்திரத்தில் வேலை பார்த்த இருதயராஜுக்கு மண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் மரகதவல்லிதான்.

"சொல்லுங்கண்ணே."

"மத்த இடத்துல நிலக்கரி பன்னிரண்டு மீட்டர் தடிமன். தெற்கு மூலையில மட்டும் இருபது. அதான் மேனேஜர் அங்கேயே வெட்டச் சொல்றார்."

"ஏன் இருபது?"

"கரி படியறதுக்கு முன்னாடி ஏதோ ஓடை களிமண்ணை அறுத்திருக்கு. அந்தப் பள்ளத்துல கரி தடிச்சுப்போச்சு. அடியில களிமண் மெலிஞ்சுபோச்சு."

பெட்டியைத் திறந்தார். கறுப்புக் கரிக்கும் ஈர மணலுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கொஞ்சம் களிமண்.

"ஒண்ணேகால் மீட்டர். நான் எழுதிக் கொடுத்தது அதுதான். அறிக்கையில ஆறுன்னு மாத்தியிருக்காங்க, என் கையெழுத்துக்கு மேலேயே. களிமண்ணுக்கு அடியில தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. மேல இருக்கிற கரியை எடுத்துட்டா பிச்சுக்கிட்டு வரும். இது எந்த ஊர் நியாயம்?"

"யார்கிட்ட சொன்னீங்க?"

"மேனேஜர்கிட்ட. அவருக்கு மேலே. அவருக்கும் மேலே. மூணு கடிதம் போட்டேன். ஒரு வரி பதில் இல்லை."

"கீழே?"

"கீழேன்னா?"

மரகதவல்லி எழுந்தார். தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டார். ஒரு பெரிய ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டார்.

இருதயராஜுக்குக் கோபம்தான் கூடியது. இருந்தாலும் பின்னாலேயே போனார்.

தெற்கு மூலையில் இரண்டு எந்திரங்கள் கரி வெட்டிக்கொண்டிருந்தன. பதினொரு பேர் வேலையில் இருந்தார்கள். இருபது மீட்டர் கரியில் பாதி போய்விட்டது.

ஓரத்தில் தரையிலிருந்து ஓர் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. நிலத்தடி நீரின் அழுத்தம் பார்க்க எப்போதோ இறக்கியது.

மரகதவல்லி அதன் மூடியில் ஸ்பேனரை மாட்டினார். "பிடிங்கண்ணே."

இருவரும் சேர்ந்து திருகினார்கள்.

மூடி தெறித்தது. தண்ணீர் பனை உயரத்துக்குப் பீறிட்டது.

எந்திரங்கள் நின்றன. ஓட்டுநர்கள் இறங்கி வந்தார்கள். நனைந்துகொண்டே அண்ணாந்து பார்த்தார்கள்.

மாயகிருஷ்ணன் என்ற ஓட்டுநர்தான் கேட்டார். "அம்மா, எங்க எந்திரம் நிக்கிற இடத்துக்கு அடியிலயும் இந்தத் தண்ணிதானா?"

"இதே தண்ணிதான்."

"கரி தீர்ந்தா நடுவுல என்ன இருக்கும்?"

மரகதவல்லி இருதயராஜைப் பார்த்தார்.

இருதயராஜ் முகத்து ஈரத்தைத் துடைத்தார். மூன்று கடிதம் எழுதிய நாட்களில் தினமும் இவர்களைக் கடந்துதான் அலுவலகத்துக்குப் போயிருந்தார். வணக்கம் சொல்லியிருந்தார். பிள்ளைகளைப் பற்றி விசாரித்திருந்தார்.

"ஒண்ணேகால் மீட்டர் களிமண்" என்றார்.

மாயகிருஷ்ணன் அவர் அருகே வந்தார். "எத்தனை நாளா தெரியும்?"

"பதினாறு நாளா."

மாயகிருஷ்ணன் திரும்பி நடந்தார். எந்திரத்தில் ஏறி அதை மேட்டுக்கு ஓட்டிப் போனார். அடுத்த எந்திரமும் போனது. மற்றவர்கள் சாப்பாட்டுத் தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு சரிவில் நடந்து ஏறினார்கள்.

எதிரே ஜீப்பில் வந்த மேனேஜர் தணிகாசலம் அவர்களை நிற்கச் சொன்னார். ஒருவரும் நிற்கவில்லை.

அவர் இறங்கி ஓடிவந்தார். சட்டை முழுக்க நனைந்தது.

"என்னம்மா காரியம் இது? மூடுங்க. முதல்ல இதை மூடுங்க."

"மூடிடலாம் சார்" என்றார் மரகதவல்லி, கரி வெட்டிய குழியைப் பார்த்தபடி. "இதுக்கு மூடி இருக்கு."