கொற்றி ஒளிக்கச் சொன்ன ஆடு

"ஒளிஞ்சிருக்கிறவனை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

குதிரையை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக வெண்காடன் இப்படித்தான் கேட்டான். வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது.

கொற்றி ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். அரசரின் வேவுப்படைக்கு வித்தை கற்றுக்கொடுத்தவள் அவள்தான். வெண்காடன் அந்தப் படைக்குத் தலைவன். அவள் அவனைவிட இளையவள். ஆனாலும் குருவே என்றுதான் கூப்பிடுவான்.

"முதல்ல தண்ணி குடி," என்றாள்.

குடித்தான். பாதி மார்பில் கொட்டியது.

"இப்போ சொல்லு. யாரு ஒளிஞ்சிருக்கா?"

"எதிரியோட வில்லாளிங்க. பெரும்படை. காட்டுக்குள்ள நுழைஞ்சதைக் கண்ணால பார்த்தோம். அப்புறம் ஆளைக் காணோம். நாளைக்கு விடியக்காலையில நம்ம படை காட்டைக் கடக்கணும். எல்லாருக்கும் முன்னால போறவன் என் தம்பி சேந்தன்."

தாய் இல்லாத அந்தத் தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவன் அவன். பயம் இருக்காதா?

"வேவு பார்க்க ஆள் அனுப்பினியா?"

"அனுப்பாம இருப்பேனா? காட்டையே சல்லடை போட்டுச் சலிச்சாச்சு. போனவங்க எல்லாரும் பத்திரமா திரும்பி வந்து, ஒண்ணுமில்லன்னு கையை விரிக்கிறாங்க."

"பத்திரமா வராம என்ன செய்வாங்க? பதுங்கியிருக்கிறவன் ரெண்டு வேவுக்காரனைப் பார்த்து அம்பு விடுவானா? மூச்சுக் காட்டாம இருப்பான். அவன் குறி நம்ம படை மேல."

"அதான் குருவே உங்ககிட்ட ஓடி வந்தேன்."

கொற்றி ஆட்டின் கயிற்றை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தாள்.

"இதை ஒளிச்சு வை."

"என்னது?"

"ஊருக்குள்ள எங்கே வேணாலும் ஒளிச்சு வை. நான் கண்டுபிடிக்கிறேன்."

தம்பியின் உயிருக்காக ஓடி வந்தவனிடம் ஆட்டைக் கொடுத்துக் கண்ணாமூச்சி ஆடச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? வெண்காடனுக்கும் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் இவள் எப்படித்தான் கண்டுபிடிப்பாள், பார்த்துவிடுவோமே என்று ஓர் ஆசையும் கூடவே வந்தது. கடைசியில் ஆசைதான் ஜெயித்தது.

ஏனோதானோ என்று அவன் ஒளிக்கவில்லை. ஊருக்கு மேற்கே ஒரு பாழடைந்த செங்கல் சூளை. ஆட்டை அதற்குள் கட்டினான். கத்தாமல் இருக்க முன்னால் தழையைக் குவித்தான். குளம்புத் தடத்தை ஓலையால் கூட்டி அழித்தான். தன்னோடு வந்திருந்த இரண்டு வீரர்களை எதிரே மரங்களுக்குப் பின்னால் காவல் நிறுத்தினான்.

திரும்பி வந்தால், கொற்றி ஊர்க் கிணற்றடியில் உட்கார்ந்து வம்பளந்துகொண்டிருக்கிறாள்!

"தேடலையா குருவே?"

"தேடிக்கிட்டுத்தானே இருக்கேன். நீயும் உட்காரு."

தண்ணீர் எடுக்க வந்தவர்களிடம் பேசினாள். விறகுக் கட்டோடு வந்த பெண்ணிடம் பேசினாள். மாடு ஓட்டி வந்தவனை நிறுத்தி அவன் மாமியார் சௌக்கியமா என்றுகூடக் கேட்டாள். வெண்காடனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

திடீரென்று எழுந்தாள். அக்கம்பக்கம் திரும்பாமல் நடந்தாள். நேரே சூளைக்குள் நுழைந்து ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

வெண்காடன் வாயைப் பிளந்தான்.

"தடம் ஏதும் இருந்துச்சா?"

"இல்ல."

"கத்திடுச்சா?"

"எங்கே கத்துறது? வாய் நிறையத் தழை. நல்லாத்தான் ஒளிச்சிருந்தே."

"அப்புறம் எப்படி?"

"விறகு பொறுக்குற செல்லி எப்பவும் சூளை வழியாத்தான் வருவா. இன்னைக்கு ஊரைச் சுத்திக்கிட்டு வந்தா. மாட்டுக்காரனும் அந்தப் பக்கம் போகல. ஏம்பா போகலன்னு கேட்டேன். யாரோ முறைக்கிற மாதிரி இருந்துச்சு, நமக்கு எதுக்கு வம்புன்னு திரும்பிட்டேன்னான்."

"நான் யாரையும் விரட்டச் சொல்லலையே!"

"விரட்டணுமா என்ன? உன் ஆளுங்க அங்கே நின்னாப் போதாதா?"

வெண்காடன் மறுப்பாகத் தலையை ஆட்டினான்.

"இது ஊர். காட்டுல கிணத்தடிக்கு நான் எங்கே போவேன்?"

"ஏன், காட்டுக்குள்ள ஜனங்களே கிடையாதா?"

"இருக்காங்க. தேன் எடுக்கிறவங்க, கிழங்கு தோண்டுறவங்க, ஆடு மேய்க்கிறவங்க."

"உன் ஆளுங்க அவங்களைக் கவனிச்சாங்களா?"

"நல்லாக் கேட்டீங்க!" வெண்காடன் நெஞ்சை நிமிர்த்தினான். "தூரத்துல ஒரு தலை தெரிஞ்சாலே வழியை மாத்திக்கிட்டுப் போயிடுவாங்க. ஒரு மனுஷன் கண்ணுல பட்டாக்கூட எங்க படையில அது பெரிய அவமானம். நீங்க சொல்லிக்கொடுத்த விதிதானே குருவே!"

"பதுங்கிப் போன்னு சொன்னேன். கண்ணையுமா மூடிக்கச் சொன்னேன்?"

அவன் முகம் சுருங்கியது.

"சரி விடு. எங்கே எங்கே வழியை மாத்தினாங்க?"

"தெற்குச் சரிவுல. தேன் எடுக்கிறவங்க கூட்டமா நின்னாங்களாம். ஆத்தோரமாப் போனா அங்கே ஆட்டு மந்தை. பாறை மேட்டுல கிழங்கு தோண்டுற பொம்பளைங்க. எங்கே போனாலும் யாராவது இருந்தாங்கன்னு அலுத்துக்கிட்டாங்க."

"எங்கேயுமே நிம்மதியா நடக்கலையா?"

"நடந்தாங்களே. மூங்கில் பள்ளத்துல. அங்கே ஈ காக்கா கிடையாதாம். கையை வீசிக்கிட்டு நடந்தோம்னு சொன்னாங்க. அதனாலதானே நானே சேந்தனைக் கூப்பிட்டு, நீ அந்த வழியாப் போடா தம்பின்னு..."

மீதியைச் சொல்ல அவன் அங்கே இல்லை. குதிரையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.