கீச்சான் வளர்த்த பாம்பு

வாழைத்தோப்புக்குப் பின்னால் மழைக்காலத்தில் மட்டும் நிரம்பும் குட்டை ஒன்று இருந்தது. ஐப்பசி மழை கொட்டியதும் ஆண் தவளைகள் எல்லாம் அங்கே வந்து கூடின. பெண் தவளைகள் குரலைக் கேட்டுத்தான் மாப்பிள்ளை பார்ப்பார்கள். பிடித்துப்போனால் குட்டையில் இறங்கி முட்டையிடுவார்கள். தண்ணீர் வற்றுவதற்குள் இதெல்லாம் நடந்தாக வேண்டும். வற்றிவிட்டால் அந்த வருஷத்துக்கு வாரிசு கிடையாது.

அந்தக் கூட்டத்தில் கீச்சான் என்று ஒருவன். குரலும் பெயருக்கு ஏற்ற மாதிரிதான். பக்கத்துக் கல்லில் முரசன் உட்கார்ந்து தொண்டைப்பையை ஊதிக் கத்தினால் தோப்பே அதிரும். கீச்சானை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவனுக்கு வயிறு எரிந்தது. தன் குரலைத் தேற்றிக்கொள்ள அவனுக்கு வழி தெரியவில்லை. அடுத்தவன் வாயை அடைக்க மட்டும் உடனே ஒரு வழி தோன்றியது. இந்த மாதிரி யோசனைகள் எப்படித்தான் இப்படிப்பட்டவர்களைத் தேடி வருகின்றனவோ!

மறுநாள் மாலை முரசன் கத்தத் தொடங்கியதும் கீச்சான் ஓடிவந்தான்.

"அண்ணே, சத்தம் போடாதீங்க. கோரைப்புல்லுக்குள்ள பாம்பு வந்திருக்கு. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

எல்லாரும் தண்ணீருக்குள் முங்கினார்கள். வெளியே தலைகாட்டியதும் கீச்சானைச் சூழ்ந்துகொண்டார்கள். நிஜமாகவே பார்த்தாயா என்று ஒருவனும் கேட்கவில்லை. எவ்வளவு நீளம் என்றுதான் கேட்டார்கள்.

கீச்சான் தாராளமாகச் சொன்னான். மாலைதோறும் புதுச் செய்தி வந்தது. பாம்பு முதலில் வாழைநார் போல இருந்தது, பிறகு வாழைத்தண்டு கனத்துக்கு வந்தது. அப்புறம் அதற்கு ஒரு தம்பியும் வந்து சேர்ந்தது. செய்தி கேட்காமல் தவளைகளுக்குத் தூக்கம் வராது. கேட்டாலும் வராது. கீச்சானுக்கோ மரியாதை கூடிக்கொண்டே போனது.

பயம் என்பது மனசோடு நின்றுவிடும் சங்கதி இல்லை. பயந்த உடம்பு ஒரு சாற்றைச் சுரந்து ரத்தத்தில் கலக்கும். தாவி ஓட அது உதவும். ஆபத்து போனதும் வடிந்துவிடும். வடியாமல் ஊறிக்கொண்டே இருந்தால்தான் வம்பு. பாட்டு எதற்கு, கல்யாணம் எதற்கு, பிள்ளைகுட்டி எதற்கு, முதலில் உயிர் பிழைப்போம் என்று உடம்பு மற்ற வேலைகளை மூட்டை கட்டி வைத்துவிடும். முரசனுக்கு அதுதான் நடந்தது. தொண்டைப்பை துவண்டு தொங்கியது. ஈ மூக்கின் மேல் உட்கார்ந்தாலும் நாக்கை நீட்டத் தோன்றவில்லை. பெண் தேடும் ஆசையே அவனுக்கு விட்டுப்போனது. மற்றவர்கள் கதியும் இதேதான்.

குட்டை வாயடைத்துப் போனது. கீச்சான் நடுக்கல்லில் ஏறி உட்கார்ந்து ஆசைதீரக் கத்தினான். போட்டிக்கு ஒருவனும் இல்லை. ஆனால் பெண் ஒருத்தியும் வரவில்லை. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மாலையில் அல்லி என்ற பெண் தவளை வரப்பின் மேல் வந்து நின்றாள். தண்ணீரில் கால் வைக்கவில்லை.

"என்ன, இவ்வளவு பெரிய குட்டையில ஒத்தைக் குரல்தான் கேட்குது? மத்தவங்க எல்லாம் எங்க?"

"பாம்புக்குப் பயந்து ஒளிஞ்சிருக்காங்க. நான் ஒருத்தன்தான் தைரியசாலி," என்றான் கீச்சான்.

"பாம்பு இருக்கிற இடத்துலயா நான் முட்டை வைப்பேன்?"

கீச்சான் பதறிப்போனான். "ஐயோ, பாம்பெல்லாம் இல்லம்மா. நானா கட்டிவிட்ட கதை அது."

"அப்போ உன்னை நம்பி முட்டை வைக்கிறது அதைவிட மோசம். நான் செங்கல்சூளைப் பள்ளத்துக்குப் போறேன். அங்க கூட்டமா பாடுறாங்க."

"அங்கதான் நிஜப் பாம்பு இருக்கே!"

"இருக்கு. போன வாரம் ஒருத்தரைப் பிடிச்சுக்கிட்டும் போச்சு. அது வந்தா எல்லாரும் முங்குவாங்க, போனதும் மேல வந்து பாடுவாங்க. உங்க பாம்பு போறதே இல்லையே, அதை என்ன செய்ய?"

அல்லி தாவிப் போய்விட்டாள். கீச்சானுக்கு அப்போதுதான் புத்தியில் உறைத்தது. பெண்களை அழைத்து வந்தது தனிக்குரல் இல்லை, கூட்டத்தின் குரல். ஊரே பாடினால்தான் அது நல்ல குட்டை என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் கீச்சென்று கத்தியிருந்தாலும் தனக்கென்று ஒருத்தி வந்திருப்பாள். அவன் கூட்டத்தைத் தேடி ஓடினான்.

"எல்லாரும் பாடுங்க. பாம்பு இல்லை. பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க."

தவளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் கேட்டான்: "பாம்பு உன்னை விலைக்கு வாங்கிடுச்சா?"

முரசன் மட்டும் நம்பினான். நல்லவன், திட்டக்கூட இல்லை. கல்லில் ஏறி மூச்சை இழுத்து ஊதிப் பார்த்தான். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. மறுபடியும் முயன்றான். காற்றுகூட வரவில்லை.

"என் புத்தி நம்பிடுச்சு தம்பி. உடம்பு நம்ப மாட்டேங்குது. அதுக்கு இன்னும் நாள் ஆகும்போல," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினான்.

நாள் எங்கே இருந்தது? தண்ணீர் சேறாகிக்கொண்டிருந்தது. கீச்சான் நடுக்கல்லுக்குத் திரும்பினான். இந்த வருஷம் தனக்கும் ஒரு தலைப்பிரட்டைகூடப் பிறக்காது என்ற பயம் அவனையும் பிடித்துக்கொண்டது. கத்தலாம் என்று தொண்டைப்பையை ஊதப் பார்த்தான். அது உப்பவே இல்லை.

நிஜமான ஆபத்து வந்த வழியே போய்விடும். பிறர் வாயை அடைப்பதற்காக ஊட்டி வளர்த்த பயமோ போகாமல் தங்கி, வளர்த்தவனின் குலத்தையும் சேர்த்தே விழுங்கிவிடும்.