சேர்மன் பேனா

புது இரும்புப் பாலத்தைப் பார்க்கக் காலையிலேயே வந்த சேர்மன் பரமானந்தம், இரண்டு உத்திரங்களுக்கு நடுவே விரலளவு இடைவெளியைக் கண்டு கொதித்தார். தன் மைப்பேனாவையே அதில் சொருகிக் காட்டினார்.

"பேனாவே நுழையுது, இதுவாடா வேலை? சிமென்ட் போட்டு அடை! இல்லேன்னா இதே பேனாவால உன்னை வேலையைவிட்டுத் தூக்கிக் கையெழுத்துப் போடுவேன்."

"பேனா அங்கேயே இருக்கட்டுங்க. ரெண்டு மணிக்கு நீங்களே உருவிட்டா, அடைச்சுடறேன்," என்றார் உத்திரங்களைப் பொருத்திய ஃபிட்டர் இருளப்பன்.

சித்திரை வெயிலில் இரும்பு நீண்டது. இடைவெளி சுருங்கியது. இரண்டு மணிக்குச் சேர்மன் இரு கையாலும் இழுத்தார். நசுங்கிய பேனாவின் மைதான் வேட்டியில் தெறித்தது.

"இரும்பு நீளத்தாங்க இடம் விட்டோம். அடைச்சிருந்தா நசுங்கறது பாலம்! வெயில்ல வெந்து வேலை செஞ்சவனையா தூக்குவீங்க? போடுங்க கையெழுத்து, பேனா எங்கே?"