பின் இருக்கையில் நால்வர்

கடைசியில் தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான். ஆகவே யார் என்ன செய்தார்கள், அதை யார் பார்த்தார்கள் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைகை அணைக்குச் சுற்றுலா கூட்டிப்போய்த் திரும்பும்போது ஜெசிந்தா டீச்சருக்குக் கால்கள் கழன்று விழுவதுபோல் இருந்தது. பேருந்தின் முன்னிருக்கையில் சாய்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்.

பின் இருக்கையில் ஜன்னலோரம் தவசி, அடுத்து லியோ, ரியாஸ், கடைசியாகச் சின்னதுரை. அணைப் பக்கத்துக் கடையில் வாங்கிய புகையிலைப் பாக்கெட்டைத் தவசி பிரித்தான். உதட்டுக்குள் அதக்கிக்கொள்ளும் சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒன்றை எடுத்து வாயில் வைப்பதுபோல் பாவனை காட்டி உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, பாக்கெட்டை லியோவிடம் நீட்டினான். லியோவுக்கும் உள்ளூரப் பயம். ஒன்றை வாயருகே கொண்டுபோய்ச் சட்டைப் பைக்குள் நழுவவிட்டு, நாக்கால் கன்னத்தை உப்பிக் காட்டினான்.

ரியாஸ் கையே நீட்டவில்லை. "எனக்கு வேண்டாம்டா" என்றான். இருவரும் பால்குடி என்று கேலி செய்யவே, எழுந்து முன்பக்கம் போய் நின்றுகொண்டான். டீச்சரை எழுப்பவில்லை.

சின்னதுரை லியோவின் கன்னத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு ஒன்றை வாங்கி நிஜமாகவே வைத்துக்கொண்டான்.

சற்று நேரத்தில் தலைசுற்றி, வாந்தியெடுத்து, இருக்கையிலிருந்து சரிந்தான். வழியிலிருந்த ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது, "எல்லாரும் வச்சாங்க டீச்சர். அதான்" என்றான். அவன் தேறும்வரை ஜெசிந்தா டீச்சர் கட்டிலருகே நின்றார். உட்கார்ந்தால் எழ முடியாது என்று தோன்றியது.

பள்ளி திறந்ததும் விசாரணை வந்தது. புகையிலை விழிப்புணர்வுக் கூட்டத்தில் உறுதிமொழி வாசிக்க, அன்று உறுதியாக நின்ற ஒருவனைத் தேர்ந்தெடுத்துத் தரும்படி தலைமையாசிரியர் டீச்சரிடம் சொல்லியிருந்தார். மூவரும் வந்தார்கள். வாங்கியது தப்புதான், ஆனால் தன் வாயில் படவே இல்லை என்றான் தவசி. லியோ எச்சில் படாமல் சட்டைப் பையில் கிடந்த பொட்டலத்தையே எடுத்துக் காட்டினான். தான் டீச்சரை எழுப்பியிருக்கலாம் என்று மட்டும் சொன்னான் ரியாஸ்.

மூவரும் சொன்னது உண்மை. மூவருமே புகையிலையை வாயில் வைக்கவில்லை. இதில் யார் செய்தது சரி? உறுதிமொழி வாசிக்கும் தகுதி யாருக்கு?

விடை: ரியாஸுக்கு. மற்ற இருவரும் தங்கள் வாயை மட்டும் காத்துக்கொண்டார்கள்; பார்த்துக்கொண்டிருந்த சின்னதுரைக்கு அவர்கள் வைத்தவர்கள்தான். அவன் காதில் விழும்படி வேண்டாம் என்றவன் ரியாஸ் ஒருவனே. அவன் டீச்சரை எழுப்பாதது குறைதான். தான் தூங்கியதையும் டீச்சர் அந்தக் குறையோடு சேர்த்துக்கொண்டார். பிறகு தவசியையும் லியோவையும் சின்னதுரை வீட்டுக்கு அனுப்பி, நடந்ததைச் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டு அவன் கோபப்படவில்லை. "அப்ப நான் யாரப் பாத்துடா வச்சேன்?" என்றான்.