செவலை செய்த சத்தியம்

அந்தக் காலத்தில் நாய்க்கு வாய் என்றால் குரைக்கிற வாய் இல்லை, பேசுகிற வாய். மாடு பேசியது, காக்கை பேசியது, ஓணான்கூடத் தலையை ஆட்டி ஆட்டி ஏதாவது நியாயம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனாலும் நாய் அளவுக்கு யாரும் பேசவில்லை. மனிதரோடு ஒரே சோற்றைத் தின்று வளர்ந்த பிறவி ஆயிற்றே, மனிதப் பேச்சு அதற்கு அப்படியே வந்துவிட்டது. எப்போது நிறுத்த வேண்டும் என்பதுதான் தெரியாது. அதுவும் நம்மிடமிருந்து போன குணம்தான், நாயைச் சொல்லிக் குற்றமில்லை.

மழை குறைந்த ஒரு சீமையில், மணல் மட்டுமே ஓடுகிற ஓர் ஆற்றங்கரையில், சடையன் என்பவன் ஆட்டுக்கிடை போட்டிருந்தான். அறுப்பு முடிந்த வயலில் ஆடுகளை மடக்கி வைத்தால் நிலத்துக்கு உரமாகும், ஆட்டுக்காரனுக்கு நெல் கிடைக்கும். அப்படி வயல் வயலாக நகர்ந்து பிழைக்கிற குடும்பம். அவன் மனைவி இருளாயி. மகள் செவந்தி, பால்பல் விழுந்து முளைக்கிற வயது. அப்புறம் இரண்டு நாய்கள்.

மூத்த நாய் செவலை. பெட்டை. முகமெல்லாம் நரைத்து, பின்னங்கால் ஒன்று சரியாக ஊன்ற வராமல் இருந்தது. இளையது மிளகு என்கிற கருப்புக் குட்டி. அதன் தாயை ஓநாய் கொண்டுபோய்விட்டது. செவலைக்குப் பால் வற்றி வெகுகாலம் ஆகியிருந்தது. இருந்தாலும் அந்தக் குட்டியைத் தன் வயிற்றோடு ஒட்டிப் படுக்க வைத்து வளர்த்தது. குட்டி அதைப் ‘பெரியாத்தா’ என்று கூப்பிடும்.

மிளகுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவள் செவந்தி. அதனால் குட்டியின் பேச்சில் அவள் இழுப்பு, அவள் கொஞ்சல் எல்லாம் ஒட்டியிருந்தது. ‘செவந்தி சொன்னா’ என்று ஆரம்பித்தால் போதும், வேண்டியது கிடைக்கும் என்பதையும் அது சீக்கிரமே கற்றுக்கொண்டது. “செவந்தி சொன்னா, எனக்கு இன்னொரு வாய் கஞ்சி ஊத்தணுமாம்.” “செவந்தி சொன்னா, பெரியாத்தா என்னைச் சுமந்துக்கிட்டுப் போகணுமாம்.” நாளுக்குப் பத்துத் தடவை இந்தப் புளுகு. செவலை சிரித்துக்கொண்டே காதை ஆட்டிவிட்டுப் போகும்.

இருளாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பாட்டுக் கட்டுகிறவள். அந்த மக்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் செத்தால், மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் அவருக்கென்று ஒரு புதுப் பாட்டுக் கட்டிப் பாட வேண்டும். பழைய பாட்டு ஆகாது, இன்னொருவருக்குப் பாடியதும் ஆகாது. அந்தப் பாட்டின் கடைசி வரி, செத்தவர் இந்த மண்ணில் கடைசியாகப் பேசிய பேச்சாக இருக்க வேண்டும். தன் பேச்சைத் தானே கேட்டால்தான், ‘ஓ, இது எனக்கான பாட்டு, நான் கிளம்ப வேண்டியதுதான்’ என்று அந்த உயிருக்குத் தெரியுமாம். அது கிளம்பும்போது பக்கத்தில் ஏற்றி வைத்த விளக்கு தானாக அணையும். அணையாவிட்டால் உயிர் போகவில்லை, போக வழி தெரியாமல் வாசலிலேயே நிற்கிறது என்று அர்த்தம்.

சுற்றுவட்டாரக் கிடைகளில் யார் செத்தாலும் இருளாயியைத்தான் கூட்டிப்போவார்கள். மணலில் தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு வரி அமைந்ததும் விரலால் ஒரு கோடு இழுத்துக்கொள்வாள். அவள் பக்கத்தில் யாரும் மூச்சுவிடக்கூடாது. பாதி கட்டிய பாட்டு உள்ளங்கையில் அள்ளிய தண்ணீர் மாதிரி, யாராவது தோளைத் தொட்டாலே சிந்திவிடும் என்பாள்.

ஒரு நாள் காலையில் செவந்தி, “ஆத்தா, போயிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு, ஆட்டுக்குட்டிகளை ஓட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். மிளகும் கூடவே ஓடியது. நாணல் புதருக்குள் இருந்த பாம்பு அவள் காலில் கொத்திவிட்டது. சடையன் தேடிப் போனபோது பிள்ளை மணலில் கிடந்தாள். அவள் கைமேல் தலையை வைத்து நாய்க்குட்டி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ‘பாவி, ஒன்றும் தெரியாமல் தூங்கியிருக்கிறது’ என்று எல்லாரும் நினைத்தார்கள். யாரும் அதை எதுவும் கேட்கவில்லை.

அன்றைக்கே அடக்கம் செய்தார்கள்.

ஊருக்கெல்லாம் பாட்டுக் கட்டியவள் இப்போது பெற்ற மகளுக்குக் கட்ட வேண்டும். எந்தத் தாய்க்கும் இது வரக்கூடாது. மறுநாள் விடிந்ததும் இருளாயி கூடாரத்துக்குப் பின்னால் மணலில் போய் உட்கார்ந்தாள். போகும்போது செவலையிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

“குட்டியை என் பக்கம் விடாத, செவலை. எனக்கு நாளைச் சாயங்காலம் வரைக்கும்தான் நேரம் இருக்கு.”

“நான் பாத்துக்கிறேன் தாயி. நீ எம்பிள்ளையை நல்லபடியா அனுப்பி வை,” என்றது செவலை.

சொல்வது சுலபம். குட்டியை அடக்குவது யாரால் ஆகும்? செவலை அதை உடைமரத்து நிழலுக்குக் கூட்டிப்போனது. தன் காதைக் கடித்து விளையாடக் கொடுத்தது. எலும்புத் துண்டைப் புதைத்துவிட்டுத் தேடச் சொன்னது. ஊன்ற முடியாத காலை இழுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடியது. குட்டி எதிலும் நிலைக்கவில்லை. சாவு என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. செவந்தியை எங்கோ படுக்க வைத்திருக்கிறார்கள், எழுந்து வருவாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தது.

“பெரியாத்தா, நான் ஆத்தாகிட்டப் போகணும்.”

“இப்பப் போகக்கூடாது.”

“செவந்தி சொன்னா. ஆத்தாகிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா.”

“ஆமா, இன்னொரு வாய் கஞ்சி ஊத்தச் சொல்லியிருப்பா. பேசாம படு.”

“இல்ல பெரியாத்தா, நெசமாவே சொன்னா.”

“எல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம். ஆத்தா பாட்டு முடியட்டும்.”

இப்படிச் சொன்னதில் செவலையின் மேல் நான் குறை சொல்லமாட்டேன். தினம் பத்துப் புளுகு கேட்ட காது, பதினொன்றாவதை மட்டும் எப்படி நம்பும்?

வெயில் ஏறியது. செவலைக்குக் கண் ஒரு நொடி சொருகியது. அவ்வளவுதான், குட்டி நழுவி ஓடிவிட்டது. மணலில் அப்போது இருளாயி நான்கைந்து கோடுகள் இழுத்திருந்தாள். அடுத்த வரி வாயில் கூடிவந்துகொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால், “ஆத்தா!” என்று ஒரு குரல்.

செவந்தி கூப்பிடுகிற அதே இழுப்பு. இருளாயி, “என்னடி கண்ணு” என்று சொல்லிக்கொண்டே திரும்பிவிட்டாள். அங்கே நின்றது நாய்க்குட்டி.

அவள் அதை அடிக்கவில்லை, திட்டவில்லை. இழுத்த கோடுகளை எல்லாம் கையாலேயே அழித்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கட்டிய வரி ஒன்றுகூட நினைவில் இல்லை. அவள் அழுவதைப் பார்த்து மிரண்ட குட்டி, சொல்ல வந்ததை விட்டுப் பின்வாங்கியது. ஓடிவந்த செவலை அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டது. பிறகு குட்டியின் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு திரும்பியது. குட்டி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தது. செவலை காதில் எதுவும் ஏறவில்லை.

கிடை ஓரத்தில் சடையன் ஆடுகளுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தான். செவலை அவன் முன்னால் குட்டியை இறக்கியது.

“அய்யா, இதை அடக்க என்னால ஆகல. நான் மண் தின்னு சத்தியம் பண்ணப்போறேன்.”

சடையன் ஒடித்த தழையைக் கீழே போட்டான். ஒரு வாய் மண்ணை விழுங்கிவிட்டுச் செய்கிற சத்தியத்தை அந்தக் காலத்தில் யாராலும் மாற்ற முடியாது. குட்டிகளுக்கு அந்தச் சத்தியம் செய்ய உரிமை இல்லை. மூத்தது செய்ய வேண்டும். மூத்தது செய்தால் அந்தக் குலம் முழுவதையும் அது கட்டும்.

“அவசரப்படாத செவலை. இன்னிக்கு ஒரு பொழுதுக்குன்னு சொல்லிச் செய்.”

“இன்னிக்குப் பொழுதுக்குள்ள முடியலேன்னா? நாளைக்கும் இது ஓடுமே. பாட்டு முடியுற வரைக்கும்னே சொல்றேன்.”

“அது எப்ப முடியும்னு நமக்கு என்ன தெரியும்?”

“இருளாயி கட்டுற பாட்டு நாளைக்குள்ள முடியாம எங்கே போகும்?” என்றது செவலை. அதற்கு அவ்வளவு நம்பிக்கை.

குட்டி அவசர அவசரமாகக் குறுக்கே வந்தது. “வேணாம் பெரியாத்தா. நான் சொல்லிட்டு அப்புறம் சும்மா இருக்கேன். செவந்தி என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு—”

செவலை குனிந்து ஒரு வாய் மண்ணை எடுத்து விழுங்கியது. “செவந்தி பாட்டு முடியுற வரைக்கும் எங்க குலத்துல ஒருத்தரும் பேசமாட்டோம். இது மண்ணு மேல சத்தியம்.”

குட்டியின் வாய் திறந்தபடியே இருந்தது. பேச்சு வரவில்லை.

அதற்குப் பிறகு கிடையில் அப்படி ஒரு அமைதி. செவலை குட்டியைத் தன் வயிற்றோடு அணைத்துப் படுத்து, அதன் தலையை நக்கிக்கொண்டே இருந்தது. குட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு அழுது களைத்துத் தூங்கிப்போனது. கூடாரத்துக்குப் பின்னால் மணலில் கோடுகள் கூடிக்கொண்டே போயின. இருளாயி அதுவரை கட்டிய எந்தப் பாட்டும் அப்படி அமைந்ததில்லை. கிடையைக் காவல் காத்ததைவிடப் பெரிய காரியம் செய்துவிட்டதாகச் செவலைக்கு மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் பக்கத்துக் கிடைகளிலிருந்து சனம் வந்து உட்கார்ந்தது. செவந்தியைப் புதைத்த இடத்தில் விளக்கு ஏற்றினார்கள். இருளாயி பாடினாள்.

‘ஆட்டுக்குட்டி அத்தனைக்கும் பேரு வெச்ச ராசாத்தி
பேரு வெச்ச குட்டியெல்லாம் ஒன் பேரைக் கேக்குதடி
ஆத்து மணல்மேல அச்சாக ஒன் பாதம்
காத்து வந்து மூடுமுன்னே கையால தொட்டேன்டி’

உட்கார்ந்திருந்த ஆண்களும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். பாட்டு நீண்டு, கடைசி வரிக்கு வந்தது. இருளாயி குரல் உடைய, “ஆத்தா, போயிட்டு வாரேன்” என்று பாடி நிறுத்தினாள்.

எல்லாரும் விளக்கைப் பார்த்தார்கள். அது நின்று எரிந்தது.

அவள் அந்த வரியை மறுபடியும் பாடினாள். விளக்கு அணையவில்லை. காற்றுகூட இல்லை. இருளாயி பாட்டை நிறுத்திவிட்டாள்.

“இது அவ கடைசிப் பேச்சு இல்ல. எம்பிள்ள அப்புறமும் பேசியிருக்கா,” என்றாள். “யாருகிட்டப் பேசினா?”

சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தின் ஓரத்தில் செவலையின் கால்களுக்கு நடுவே நின்ற குட்டியைப் பார்த்தாள். எழுந்து போய் அதன் முன்னால் மண்டியிட்டாள்.

“மிளகு, பாம்பு கடிச்சப்ப நீ தூங்கலையா? அவ உங்கிட்ட என்ன சொன்னா சாமி? நேத்து அதைச் சொல்லத்தான் வந்தியா?”

குட்டி தலையை ஆட்டி ஆட்டி வாயைத் திறந்தது. சொல் வரவில்லை. பாட்டு முடிந்தால்தான் அது பேசலாம். அது பேசினால்தான் பாட்டு முடியும். சடையன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

செவலை எல்லாவற்றையும் பார்த்தது. தான் என்ன செய்துவிட்டோம் என்று அதற்கு விளங்கியது. விழுங்கிய மண்ணைக் கக்கிவிடலாம் என்று குமட்டிக் குமட்டிப் பார்த்தது. வரவில்லை. மெல்ல நகர்ந்து வந்து இருளாயியின் பாதத்தில் முகத்தை வைத்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்கவும் வாய் இல்லை.

இருளாயி அதை மடியில் இழுத்துக்கொண்டாள். பிறகு அதன் நரைத்த முகத்தைத் தடவினாள். “நீ எனக்காகத்தான செஞ்ச. உம்மேல எனக்குக் கோவமில்ல.”

அப்போதுதான் குட்டி விளக்கைப் பார்த்து முகத்தைத் தூக்கியது. தன் சின்னத் தொண்டையிலிருந்து, சொல்லே இல்லாத ஒரு குரலை நீளமாக இழுத்தது. செவந்தி பேசுகிற இழுப்பு அதில் இருந்தது, அவள் கொஞ்சல் இருந்தது. அவள் என்ன சொன்னாள் என்பது மட்டும் இல்லை. செவலையும் சேர்ந்துகொண்டது. இருளாயி கண்ணை மூடி அதைக் கேட்டாள். கேட்டபடியே, தானும் சொல் இல்லாமல் அந்தக் குரலோடு தன் குரலை இழுத்தாள். விளக்கின் சுடர் ஒரு தடவை தாழ்ந்தது. மறுபடியும் நிமிர்ந்துகொண்டது.

செவந்தி என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பாட்டு என்றோ முடிந்திருக்கும், உங்கள் வீட்டு நாய் இந்நேரம் உங்களோடு பேசிக்கொண்டிருக்கும். ஊளை கேட்டால் சனியன் என்று கல்லைத் தேடுகிறோமே, அது நம்மிடம் ஒரு பிள்ளையின் பேச்சைச் சேர்க்கத்தான் அப்படித் தவிக்கிறது.

அன்று முதல்தான், இழவு வீட்டில் அழுகுரல் எழும்போது எங்கோ கிடக்கிற நாய் எழுந்து, வானத்தைப் பார்த்து நீளமாக ஊளையிடுகிறது. ஒப்பாரி வைக்கிற பெண்களும் கடைசி வரியைச் சொல்லால் முடிக்காமல், வெறும் குரலாக இழுத்து விட்டுவிடுகிறார்கள்.