கித்தேரி கால் விட்ட காரு

ஒரு ஊர்ல ஒரு காரு இருந்துச்சாம். ராசா இல்லட்டி, காரு. எல்லாரும் ராசாவுக்கே கதை சொன்னா காருக்கு யாரு சொல்லுவா? காலை நீட்டிப் படு. ம் கொட்டணும், சரியா? உன் ம் நின்னா பெரியம்மா வாயும் நின்னுரும்.

"ம்."

ஆங், அப்படி. அந்தக் காரு ஜப்பான்ல பிறந்து, கப்பல்ல ஏறி, அலையெல்லாம் தாண்டித் தூத்துக்குடில வந்து இறங்குச்சு. நல்ல வானத்து நீலம். அதை வாங்குனவரு பேரு இன்னாசி. கப்பல் வேலை பாத்து ஓய்வு வாங்குனவரு. அவரு பொஞ்சாதி பேரு கித்தேரி.

இன்னாசிக்கு உலகத்துல ரெண்டே ரெண்டு ஆசை. ஒண்ணு அந்தக் காரு. இன்னொண்ணு கித்தேரி சுடுற தோசை. காலையில ஏழு, ராத்திரி ஏழு. இட்லியக் கண்டா மட்டும் மூஞ்சி அஷ்டகோணலாப் போயிரும். கித்தேரி எங்கன்னு கேக்கியா? அவ இந்த ரெண்டுக்கும் அப்புறம்தான். ஆம்பளைங்களப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. உன் பெரியப்பா பக்கத்து ரூம்ல முழிச்சுக்கிட்டுத்தான் கிடக்காரு.

அப்புறம், தூத்துக்குடி எப்படிப்பட்ட ஊரு? ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் உப்பளம். காத்துல உப்பு, தண்ணியில உப்பு. கேட்டு துரு, சன்னல் கம்பி துரு, சைக்கிள் மணி துரு. காரு மட்டும் தப்புமா? முப்பது வருசமா துரு உள்ள உக்காந்துக்கிட்டு மெல்லத் தின்னுச்சு. கறுக்கு... முறுக்கு... கறுக்கு... முறுக்கு. யாரு கண்ணுக்கும் படல.

ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் கோயிலுக்குப் பூசைக்குப் போறாங்க. கித்தேரி புதுச் சேலை, புதுச் செருப்பு. ரோட்டுல ஒரு வேகத்தடை. இன்னாசி அதைப் பாக்காம ஏத்துனாரு பாரு, தடார்! கித்தேரி இருந்த பக்கத்துல தரை பொத்துக்கிட்டு, அவ வலது காலு நேரா ரோட்டுல போய் நின்னுச்சு!

நின்னாத்தானே? காரு ஓடுதே! அப்போ காலும் ஓடணுமே! பதக் பதக் பதக் பதக்... காரும் ஓடுது, கித்தேரியும் ஓடுதா!

"என்னட்டி, கீழ என்னமோ சத்தம் வருது?"ன்னு கேட்டாரு இன்னாசி.

"நான்தாங்க ஓடுதேன்! நிறுத்துங்க!"

சிரிக்காத. சிரிச்சா தூக்கம் ஓடிரும். புதுச் செருப்பு போயே போச்சு. ஒத்தச் செருப்போட கோயிலுக்குள்ள போனா கித்தேரி. ஊரே பாத்துச்சு. அவளுக்கு அப்படி ஒரு அவமானம், அப்படி ஒரு கோவம். வீட்டுக்கு வந்ததும் சொல்லிட்டா: "அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள காரு தரை சரியாகணும். இல்லன்னா பழைய இரும்பு எடுக்குற காயலாங்கடை நயினாரைக் கூப்பிட்டு நானே தள்ளி விட்டுருவேன்."

மறுநாளே இன்னாசி காரை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு. ஒர்க்ஷாப் ஒர்க்ஷாப்பாப் போனாரு. எல்லாரும் குனிஞ்சு பாத்தாங்க, எந்திரிச்சாங்க, கையைத் தட்டி விட்டுக்கிட்டாங்க. "இதுல எதைப் பிடிச்சு ஒட்டுறது?"ன்னு சொல்லிட்டாங்க.

அப்போ இன்னாசிக்கு ரோசம் வந்துச்சு. "அம்புட்டுப் பெரிய கப்பல்லயே துரு தட்டி எடுத்த கை இது. ஒரு காரு எம்மாத்திரம்?"னு வீட்டு வாசல்ல, பூவரச மரத்தடியில வேலையை ஆரம்பிச்சாரு. உனக்குத் தெரியுமோ என்னமோ, கப்பல்ல துரு பிடிச்சா சுத்தியலை வச்சு ஓங்கித் தட்டுவாங்க. துரு செதில் செதிலா விழும். அதே சுத்தியலை எடுத்து வந்து காருக்கடியில படுத்துக்கிட்டு, டொங்! டொங்! டொங்!

கப்பல் தகடு கட்டை விரல் தடிமன். காரு தகடு அப்பளம். டொங்குன்னு தட்டுனா டொப்புன்னு விழுது. முதல்ல கித்தேரி காலு அளவு இருந்த ஓட்டை, சாயங்காலம் சோத்துத் தட்டு அளவு ஆயிருச்சு. அது வழியா இன்னாசி மூஞ்சி முழுசா காருக்குள்ள தெரிஞ்சுது.

அப்போ தெருவுல டிங் டிங் டிங்! யாரு? காயலாங்கடை நயினாரு. மூணு சக்கர வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தவரு, நின்னு, காரு கதவை விரலால டொக் டொக்குன்னு தட்டிக் காது குடுத்துக் கேட்டாரு. பலாப்பழம் பாப்பாங்கள்ல, அது மாதிரி.

"பழுத்துருச்சு அண்ணாச்சி. இன்னும் வச்சிருந்தா அழுகிரும். குடுத்துருங்க."

"வேற சோலி இருந்தா பாருங்க அண்ணாச்சி"ன்னு அனுப்பிட்டாரு இன்னாசி. ம் எங்க?

"ம்."

அப்புறம் ரெண்டாவது வேலை. உப்புத்தாளை எடுத்து ஓட்டையச் சுத்தித் தேய்க்க ஆரம்பிச்சாரு. சர்ர்ரு... சர்ர்ரு... சர்ர்ரு... ரெண்டு நாளு தேய்ச்சாரு. விரல் நகமெல்லாம் தேஞ்சு போச்சு. ஆனா தகடு வெள்ளி மாதிரி பளபளன்னு வந்துருச்சு. சந்தோசம் தாங்கல மனுசனுக்கு. தூசி போகணுமேன்னு குழாயைத் திறந்து நல்லாக் குளிப்பாட்டிட்டு, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டாரு.

எந்தத் தண்ணி? அந்த வீட்டு போரு தண்ணி! வாயில ஊத்துனா ரசத்துக்கு உப்பே வேண்டாம், அப்படிப்பட்ட தண்ணி. அவரு எந்திரிச்சு வந்து பாத்தா வெள்ளி எங்க? எல்லாம் மிளகாய்ப்பொடி! செக்கச் செவேல்னு முழுசா துரு பூத்து நிக்குது.

கித்தேரி வாசப்படியில நின்னு பாத்துட்டு, "கருவாட்டுக்குத்தான் இப்படி உப்பு வைப்பாங்க"ன்னா.

டிங் டிங் டிங்! நயினாரு. டொக் டொக். "நல்லா வாடை வருது அண்ணாச்சி. குடுத்துருங்க."

"போங்கன்னா போங்க!"

அப்புறம் மூணாவது வேலை. இந்தத் தடவை குடிக்கிற கேன் தண்ணி வாங்கித் துடைச்சாரு. துணியால ஒத்தி ஒத்தி வெயில்ல காய வச்சாரு. "என் தலைக்குக் குளிக்க ஒரு நாளு கேன் தண்ணி வாங்கிக் குடுத்திருப்பீங்களா?"ன்னு கித்தேரி கேட்டா. அவரு பெயிண்ட் டப்பாவைத் திறந்தாரு. அப்புறம் துரு தடுக்குற பெயிண்ட் ரெண்டு பூச்சு. எல்லாம் முறையா நடந்துச்சு. ஆனா ஓட்டை ஓட்டைதானே? மூடணுமே. எண்ணெய் டின்னை வெட்டி, நிமித்தி, திருகாணி போட்டு மூடுனாரு. சனிக்கிழமை காலையில சோதிச்சுப் பாக்கணும்னு அம்மிக்குழவியத் தூக்கி அது மேல வச்சாரு. ஒரு நொடி நின்னுச்சு. ரெண்டு நொடி நின்னுச்சு. இன்னாசி சிரிச்சாரு. டமார்! டின்னோட சேந்து குழவி தெருவுல உருண்டுச்சு. கட கட கட கடன்னு.

உருண்ட குழவி யாரு காலடியில போய் நின்னுச்சு? நயினாரு காலடியில. இந்தத் தடவை அவரு மணியே அடிக்கல. வண்டியில கயிறு வச்சிருந்தாரு.

இன்னாசி சுத்தியலைக் கீழ வச்சாரு. "கட்டிக்கோங்க அண்ணாச்சி"ன்னு மட்டும் சொன்னாரு. சொல்லிட்டு பானட்டுல கைய வச்சுக்கிட்டு அப்படியே நின்னாரு. கண்ணுல இருந்து பொல பொலன்னு தண்ணி.

அப்போ கித்தேரி அடுப்படியில முதல் தோசைக்குக் கல்லைக் காய வச்சுக்கிட்டிருந்தா. வாசல்ல சத்தம் நின்னு போச்சேன்னு எட்டிப் பாத்தா. முப்பது வருசத்துல அந்த மனுசன் அழுது அவ பாத்ததே இல்ல. அவ அப்பா செத்தப்போ கூட அவரு தைரியமா நின்னு எல்லாருக்கும் காப்பி ஊத்துனவரு. அவளுக்கும் அந்தக் காரு மேல ஆசைதான்ட்டி. அவ மூத்த பிள்ளையப் பெத்து, மழையில ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தது அந்தக் காருலதான். செருப்பு போன கோவத்துல அதெல்லாம் மறந்திருந்தா.

ஓட்டையப் பாத்தா. அடுப்பப் பாத்தா. திரும்ப ஓட்டையப் பாத்தா. விறுவிறுன்னு உள்ள போயி, துணியப் பிடிச்சுத் தோசைக்கல்லைத் தூக்கிட்டு வந்து, காருக்குள்ள குனிஞ்சு, ஓட்டை மேல வச்சா.

டங்!

ஓட்டையத் தாண்டிச் சுத்தி நாலு விரல் அகலம் மிச்சம் வச்சு, கச்சிதமா உக்காந்துச்சு கல்லு.

"எங்க அம்மா வீட்டுக் கல்லு. முப்பது வருசமா எண்ணெய் குடிச்சது. இந்த ஊரு உப்புக்காத்து இதைத் தொட்டதே இல்ல. கித்தேரி வச்சிருக்க இரும்பு துருப்பிடிக்காது"ன்னா. அப்புறம் இடுப்புல கைய வச்சுக்கிட்டு, "ஆனா ஒண்ணு. கல்லு இங்க வந்தா அங்க கிடையாது. காலையில இட்லி, ராத்திரி இட்லி. காரா, தோசையா? நீங்களே சொல்லுங்க."

என்ன? வேற கல்லு வாங்கலாமேங்கியா? புத்திசாலிதான் நீ. கடைக் கல்லு பழகி வர வருசம் ஒண்ணு ஆகும். அதுவும் போக, கித்தேரி வேற கல்லுல தோசை ஊத்துற ஆளு இல்ல. அவ பிடிவாதம் உனக்குத் தெரியாது. பேசாம கேளு.

இன்னாசி கல்லைப் பாத்தாரு. கல்லு மேல காய்ஞ்ச எண்ணெய் வாசம் வந்துச்சு. எச்சில் முழுங்குனாரு. காரைப் பாத்தாரு. நயினாரு கயிறைப் பாத்தாரு. ரொம்பச் சின்னக் குரல்ல சொன்னாரு: "இட்லி."

நயினாரு கயிறைச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டாரு. இன்னாசி கல்லுல நாலு ஓட்டை போட்டு, நாலு போல்ட்டு போட்டு, கிர்ரு கிர்ருன்னு இறுக்குனாரு. மேல யானை நின்னாலும் அசையாது. மறுநாள் கித்தேரி ரெண்டு செருப்போட கோயிலுக்குப் போனா.

ஆனா இன்னாசி பாடு? திங்கள் இட்லி, செவ்வாய் இட்லி, புதன் இட்லி. ஒரு வார்த்தை குறை சொல்லல. "அமிர்தம்"னு சொல்லி முழுங்குவாரு. ஆளு மட்டும் இளைச்சுக்கிட்டே வந்தாரு. சட்டை காத்துல ஆடுச்சு. கித்தேரியும் பாத்துக்கிட்டே இருந்தா. சொன்ன சொல்லையும் விட முடியல, மனுசனையும் பாக்க முடியல. தூங்கிட்டியா?

"...ம்."

இன்னும் கொஞ்சம்தான். அந்தக் கல்லுக்கு நேர் கீழ என்ன ஓடுது தெரியுமா? காரோட புகைக்குழாய். காரு ஓட ஓட அது சூடாகும். அது சூடானா கல்லும் சூடாகும். கோயிலுக்குப் போன அந்த ஞாயித்துக்கிழமையே கித்தேரி பாதம் சுட்டுச்சு. அவ யாருகிட்டயும் மூச்சு விடல. அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம், "கடற்கரை ரோட்டுல ஒரு சுத்து போவோமா?"ன்னா. கையில ஒரு தூக்குவாளி.

காரு போகுது. ஒரு மைலு, ரெண்டு மைலு, மூணு மைலு. கித்தேரி காலைத் தூக்கிச் சீட்டு மேல சம்மணம் போட்டுக்கிட்டா. விரலால தண்ணி தெளிச்சா. ஸ்ஸ்ஸ்! தூக்குவாளியத் திறந்து மாவை ஊத்துனா. சொய்ய்ய்ய்ங்!

"ஏட்டி, காரு தீயுதாட்டி?"ன்னு அலறுனாரு இன்னாசி.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க"ன்னு சொல்லி, ஒரு விள்ளலை அவரு வாயில வச்சா. மொறுமொறுன்னு. இன்னாசி மென்னாரு. மென்னுக்கிட்டே அழுதாரு. "கியரை மாத்தாதீங்க, கருகிரும்"னா அவ.

சன்னல் வழியா குபு குபுன்னு புகை. அதை யாரு பாத்தா? ரோட்டோரமா வண்டியத் தள்ளிக்கிட்டு வந்த நயினாரு! "ஐயையோ, எரியுதே! எரியுதே! இப்பவாவது குடுத்துருங்க அண்ணாச்சி, இரும்பாவது மிஞ்சும்!"னு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, தொங்கு தொங்குன்னு பின்னாலயே ஓடி வந்தாரு.

காரு நின்னுச்சு. சன்னல் கண்ணாடி கர்ரு கர்ருன்னு இறங்குச்சு. உள்ள இருந்து ஒரு கை நீண்டுச்சு. கையில ஒரு தோசை.

"சட்னி இல்ல, பொறுத்துக்கோங்க"ன்னா கித்தேரி.

நயினாரு வாங்கித் தின்னாரு. கண்ணை மூடி நின்னாரு. அப்புறம் காரு கதவைத் தடவிக்கிட்டே கித்தேரிகிட்ட மெதுவாக் கேட்டாரு: "மைனி, இன்னொண்ணு கிடைக்குமா?"

"அதுக்கு இன்னும் மூணு மைலு ஓடணும்"னாரு இன்னாசி. "ஏறுங்க."

அவ்வளவுதான். காரைக் கட்டி இழுக்க வந்தவரு காருலயே ஏறிட்டாரு, கதையும் கரை ஏறிருச்சு. இனிமே கண்ணைத் திறந்தா காலையில உனக்கு இட்லிதான். தூங்கு.